தலைவர் தட்டிய என்டர்

அகில கிள்ளான் பள்ளத்தாக்கு நல்வாழ்வுச் சம்மேளனத்துக்குப் பிரிக்பீல்ட்ஸில் சொந்தமாக ஒரு மண்டபம் இருக்கிறது. மண்டபத்துக்கு அடியில் கார் நிறுத்த இடமும் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு தடவையாவது காரோடு சுற்றித் திண்டாடியவர்களுக்கு இதற்கு மேல் அதன் பெருமையை விளக்க வேண்டாம். மாப்பிள்ளை அமைந்த பிறகு இந்த மண்டபத்தைத் தேடி வந்தவர்களைவிட, இந்த மண்டபம் அமைந்த பிறகு மாப்பிள்ளை தேடியவர்கள்தான் அதிகம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

சமுதாயத்தை உயர்த்துவதுதான் சம்மேளனத்தின் நோக்கம் என்று சட்டவிதியில் எழுதியிருக்கிறது. எப்படி உயர்த்துவது என்பது ஒரு துணைக்குழுவின் பரிசீலனையில் இருக்கிறது. பரிசீலனை முடியும்வரை மண்டபத்தை வாடகைக்கு விட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த மண்டபப் பதிவைப் பார்த்துக்கொண்டவள் லோகேஸ்வரி. தினமும் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வந்து போகிறவள். முன்பெல்லாம் பதிவுக்கு ஒரு வலைப்பக்கம் இருந்தது. அதை எழுதிய கிஷனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. அவன் போன கொஞ்ச நாளில் பக்கமும் படுத்துவிட்டது. லோகேஸ்வரி பதறிப்போய் போன் செய்தாள்.

“பேஜ் போனா போகட்டும்லா அக்கா,” என்றான் கிஷன். “உள்ள இருக்கிற சரக்கு நல்லாத்தான் இருக்கு. ஐபைத்தானத் தெறந்து அதுகிட்ட நேரா பேசுங்க.”

ஐபைத்தான் என்பது பைத்தான் மொழியோடு நேருக்கு நேர் பேச உதவும் ஒரு கறுப்புத் திரை. ஒரு வரி எழுதி என்டர் தட்டினால் கீழே பதில் வரும். வெறும் பைத்தானுக்கும் அப்படி ஒரு திரை உண்டு. ஆனால் அது சிடுமூஞ்சி. இது அப்படியில்லை. பாதிச் சொல் எழுதி டேப் விசையைத் தட்டினால் மீதியை அதுவே எழுதித் தரும். ஒரு சொல்லின் பின்னால் கேள்விக்குறி போட்டால், அது என்ன, எதற்கு என்று சலிக்காமல் விளக்கும். மேல் அம்புக்குறியைத் தட்டத் தட்ட, முன்பு எழுதிய வரிகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தும். எழுதுகிற ஒவ்வொரு வரிக்கும் ஒரு வரிசை எண்ணும் போட்டுக்கொள்ளும்.

கிஷன் கட்டளைகளையெல்லாம் தமிழிலேயே வைத்திருந்தான். பதிவு = தேடு("பெயர்") என்று எழுதினால் அந்தப் பெயரில் உள்ள பதிவைத் தேடி எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளும். அதன் பிறகு பதிவு.ரத்து() என்று எழுதினால், கடைசியாகக் கையில் எடுத்த பதிவு எதுவோ அது ரத்தாகிவிடும். ரத்தான உடனே, அந்தத் தேதிக்குக் காத்திருப்போர் வரிசையில் முதலில் நிற்பவருக்கு மண்டபம் தானாகப் போய்விடும். இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

லோகேஸ்வரிக்கு அந்தத் திரையை மிகவும் பிடித்துப்போயிற்று. சம்மேளனத்தில் கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்லும் ஒரே ஜீவன் அதுதான்.

அவளுக்கும் அந்த ஆண்டு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை குரு, போர்ட் கிள்ளான் கன்டெய்னர் யார்டில் ஷிப்ட் வேலை செய்பவன். எல்லாரையும் போல விண்ணப்பம் கொடுத்து, எல்லாரையும் போல வாடகை கட்டி, ஆவணி முகூர்த்த ஞாயிற்றுக்கிழமைக்கு மண்டபத்தை எடுத்திருந்தாள்.

அதே ஞாயிற்றுக்கிழமையில் அரசாங்கத்தின் டத்தோ பட்டம் பெற்ற சம்மேளனத் தலைவர் பக்கிரிசாமிக்கு மணிவிழா வைக்க வேண்டுமென்று பிறகுதான் அவர் வீட்டில் முடிவானது. மண்டபம் போய்விட்டது என்று தெரிந்ததும் டத்தோ கோபப்படவில்லை. ஓர் அறிக்கை விட்டார். ‘தலைவன் என்பதற்காக முந்த மாட்டேன், நானும் வரிசையில் நிற்பேன்’ என்றார். அதைப் படம் எடுக்கப் படப்பிடிப்பாளர் கார்த்திகேசு வந்தபோது, காத்திருப்போர் வரிசையில் டத்தோவைத் தவிர வேறு யாரும் இல்லை. அதனால் செயற்குழு உறுப்பினர்கள் எல்லாரும் அவர் பின்னால் வந்து நின்றார்கள். படம் நன்றாக வந்தது.

ஒரு நாள் செயலாளர் சோலையப்பன் ஏதோ கேட்பதற்காக லோகேஸ்வரியின் மேசைக்கு வந்தார். கறுப்புத் திரையில் அவள் பாதி எழுதுவதையும் மீதி தானாக வருவதையும் பார்த்துத் திடுக்கிட்டார்.

“என்னம்மா இது? நீ தொடங்குறே, அது முடிக்குது?”

“டேப் தட்டினா அப்படித்தான் சார் வரும்.”

“நம்ம சம்மேளனத்துல தொடங்கினது ஒன்னு முடிஞ்சு நான் பார்த்ததே இல்லையே,” என்றார் சோலையப்பன். அவருக்குக் குரல் தழுதழுத்தது. “இது எப்ப திறப்பு விழா கண்டுச்சு?”

“விழாவா? சும்மா தெறந்தேன் சார்.”

அதுதான் அவள் செய்த தவறு. அந்தச் சம்மேளனத்தில் எதையும் சும்மா திறக்க முடியாது. தண்ணீர்க் குழாய் மாற்றினாலும் அதை டத்தோதான் முதலில் திருகுவார். அடுத்த கூட்டத்திலேயே ‘மின்னியல் உரையாடல் முனையத் திறப்பு விழா’ என்று தீர்மானம் நிறைவேறியது.

விழா நாளன்று காலையில் ஒரு குடும்பத்தார் வந்து, தங்கள் நிச்சயதார்த்தம் பினாங்குக்கு மாறிவிட்டது என்றார்கள். லோகேஸ்வரி அவர்கள் பெயரைத் தேடினாள், பதிவு.ரத்து() என்று எழுதினாள், வேலை முடிந்தது. பிறகு கல்யாணப் பெண்ணுக்கு இருக்கும் இயல்பான ஆசையில் தன் பெயரைத் தேடினாள். ‘லோகேஸ்வரி–குரு திருமணம்’ என்று திரையில் வந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, மடிக்கணினியை அப்படியே மண்டப மேடைக்குத் தூக்கிப் போனாள்.

மேடையில் அதற்கு மாலை போட்டார்கள். திரையின் மூலைகளில் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். பக்கத்தில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். பின்சுவரில் திரை பெரிதாகத் தெரிந்தது. டத்தோ ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“நான் கம்ப்யூட்டரத் தொட்டதே இல்லை. ஆனா கம்ப்யூட்டர் துறைக்கு நான் ஆற்றிய சேவையை எவராலும் மறுக்க முடியாது. இந்தச் சம்மேளனம் இவ்வளவு காலம் பிளவுபடாமல் இருப்பதற்குக் காரணம் என்ன? எந்த முடிவும் எடுக்காததுதான்! முடிவெடுத்தால் கருத்து வேறுபாடு வரும். இனி முடிவுகளை இந்த முனையம் எடுக்கும். பாராட்டை நாம் எடுத்துக்கொள்வோம்.”

கைதட்டல் அடங்கியதும், ஒற்றை விரலால் தன் பெயரைப் பட்டத்தோடு சேர்த்து ஆங்கிலத்தில் தட்டி என்டர் அடித்தார். சுவர் முழுக்கச் சிவப்பாக, இது தப்பான வாக்கியம் என்று வந்தது. கூட்டம் சலசலத்தது. பட்டத்தை எடுத்துவிட்டுப் பெயரை மட்டும் தட்டிப் பார்த்தார். பக்கிரிசாமி என்ற பெயர் வரையறுக்கப்படவில்லை என்று மறுபடியும் சிவப்பாக வந்தது. அதாவது, பட்டத்தோடு வந்தால் தப்பு. பட்டமில்லாமல் வந்தால் ஆள் யாரென்றே தெரியவில்லை.

“சிவப்பு மங்கள நிறம்!” என்று சோலையப்பன் முன்னால் பாய்ந்து ஒலிவாங்கியில் அறிவித்தார். மறுபடியும் கைதட்டினார்கள்.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் கார்த்திகேசு கேமராவோடு மேடை ஏறினான். “டத்தோ, சிவப்பு நல்லா வரலலா. செகாலி லாகி! இன்னொரு தடவ. கண்ணு இங்க கேமராவுல, விரல் அங்க கீபோர்டுல!”

டத்தோ கண்ணைக் கேமராவில் வைத்துப் புன்னகைத்தார். விரல் போய் மேல் அம்புக்குறியில் உட்கார்ந்தது. கார்த்திகேசு கிளிக் செய்யும்போதெல்லாம் அவரும் ஒரு தட்டுத் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் சுவரில் பழைய வரி ஒன்று ஏறி வந்தது. அவர் பெயர் போயிற்று, பட்டம் போயிற்று, லோகேஸ்வரியின் பெயரைத் தேடிய வரியும் போயிற்று. அதற்கு முன்பு எழுதிய பதிவு.ரத்து() வந்து நின்றது. காலையில் அது பினாங்குக்காரர்களின் பதிவை ரத்து செய்த வரி. இப்போது கையில் இருக்கும் பதிவோ லோகேஸ்வரியுடையது.

“ஐயோ டத்தோ, வேணாம்!” என்று அவள் அலறினாள்.

“டத்தோ, என்டர்!” என்றான் கார்த்திகேசு.

டத்தோ தட்டினார். சுவரில் எழுத்து வந்தது: ‘ரத்தானது: லோகேஸ்வரி–குரு திருமணம். மண்டபம் பெறுபவர்: டத்தோ பக்கிரிசாமி, மணிவிழா.’

மண்டபம் அதிர்ந்தது. முனையமே தலைவருக்கு மணிவிழா வாழ்த்துச் சொல்கிறது என்று எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். டத்தோவுக்குக் கண் கலங்கியது. இயந்திரத்துக்குக்கூடத் தன் அருமை தெரிந்திருக்கிறதே என்று அவர் உண்மையாகவே நெகிழ்ந்துபோனார். விழா காணொளியில் ஒரே ஒரு குறைதான். முக்கியமான கட்டத்தில் ஒரு பெண்ணின் அலறல் கேட்டது.

மறுநாள் காலையில் லோகேஸ்வரி வந்தபோது மடிக்கணினி அவள் மேசையில் இல்லை. மண்டப முகப்பில் ஒரு கண்ணாடிப் பேழைக்குள் மாலையோடு இருந்தது. பக்கத்தில் காவலர் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சாவி சோலையப்பனிடம் இருந்தது.

“ஒரே ஒரு வரி சார்,” என்று கெஞ்சினாள் லோகேஸ்வரி. “டத்தோ தெரியாம தட்டிட்டாரு. என் பதிவத் திரும்பப் போட்டுடறேன்.”

“என்ன சொன்னே? தெரியாமலா?” சோலையப்பன் கதவைச் சாத்தினார். “தலைவர் எதையாவது தெரியாம செஞ்சாருன்னு நாம சொன்னா, அப்புறம் அவரு தெரிஞ்சு செஞ்சது எது எதுன்னு ஊரு கேக்கும்மா. அதுக்கு நம்மகிட்ட பதில் இருக்கா?”

லோகேஸ்வரி யோசித்துப் பார்த்தாள். இல்லைதான்.

“அதுவுமில்லாம, முறைப்படி திறப்பு விழா கண்ட பொருளு. இனிமே அதுல சும்மா எழுத முடியாது. செயற்குழு கூடட்டும்.”

செயற்குழு கூடியது. தீர்மானங்கள் வரிசையாக நிறைவேறின. முனையத்தில் எழுதும் ஒவ்வொரு வரியும் ஒருவரால் முன்மொழியப்பட்டு இன்னொருவரால் வழிமொழியப்பட வேண்டும். டேப் விசை கூடாது. செயற்குழு ஒப்புதல் அளிக்காத எழுத்துகளை முனையம் தன்னிச்சையாகச் சேர்க்கிறது. கேள்விக்குறியும் கூடாது, இந்தச் சம்மேளனத்தில் யாரும் யாரையும் கேள்வி கேட்டதில்லை, அந்தப் பண்பாட்டை ஓர் இயந்திரத்துக்காக விட முடியாது. தலைவர் தட்டிய என்டர் இறுதியானது. அதை எவரும் திருத்தவோ திரும்பப் பெறவோ இயலாது. கடைசியாக, காணொளி கெட்டுப்போன வருத்தத்தில் ஒன்று: தலைவர் விசைப்பலகையில் கை வைத்திருக்கும்போது ஊழியர் எவரும் வாய் திறக்கக் கூடாது.

அன்று மாலை கிள்ளான் ஸ்டேஷனில் மோட்டார் சைக்கிளோடு காத்திருந்த குருவிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

“என்னலா இது, நம்ம கல்யாணத்த ஒரு பட்டனத் தட்டி கேன்சல் பண்ணிட்டாங்களா?”

“பட்டன் இல்ல, என்டர்.”

“ரொம்ப முக்கியம்! கார்டு அடிச்சுக் குடுத்தாச்சு லோகா. எங்கம்மா சொந்தக்காரங்க எல்லாருக்கும் போன் போட்டு, கார் பார்க் இருக்குன்னு சொல்லிட்டாங்க. அதுக்காகவே ஈப்போவுலருந்து வேன் எடுத்து வராங்க.”

சுபாங் ஜெயாவிலிருந்து பந்திங் வரை குரு மண்டபம் தேடினான். முகூர்த்த ஞாயிறு, ஓர் இடமும் காலியில்லை. ஜெஞ்சாரோமில் ஒருவர் மட்டும் பூப்பந்து அரங்கம் தருகிறேன் என்றார். நடுவில் வலையை அவிழ்க்க முடியாதாம். மாப்பிள்ளை வீடு ஒரு பக்கம், பெண் வீடு ஒரு பக்கம் உட்கார்ந்துகொள்ளலாமாம். லோகேஸ்வரிக்கு அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. தன் கல்யாணம் தன் கண் முன்னாலேயே, தான் தினமும் கட்டிக் காத்த அந்தத் திரையாலேயே போனதை அவளால் தாங்க முடியவில்லை.

இதற்கிடையில் உள் தணிக்கையாளர் நாச்சம்மை முனையத்தைத் தணிக்கை செய்ய வந்தார். பேழையைச் சுற்றி ஒரு வலம் வந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“எழுதுற வரிக்கு ஒரு நம்பர் இருக்கு. வர்ற பதிலுக்கும் அதே நம்பர் இருக்கு. சரி, நல்ல பழக்கம். ஆனா சில வரிக்குப் பதிலையே காணோமே? எங்க போச்சு?”

“அதெல்லாம் சத்தமில்லாம வேலை செய்ற வரி ஆன்டி. வேலை நடந்திரும், ஆனா பதில் வராது,” என்றாள் லோகேஸ்வரி.

“சத்தமில்லாம வேலை செஞ்சா நாங்க எப்படிம்மா நம்புறது?” நாச்சம்மை உண்மையான அக்கறையோடு கேட்டார். “இங்க வேலை நடக்காட்டிக்கூடப் பரவாயில்ல, சத்தம் வரணும்.”

அதன்படி, பதில் தராத ஒவ்வொரு வரிக்குப் பிறகும் "நன்றி" என்று ஒரு வரி எழுத உத்தரவானது. அது ‘நன்றி’ என்று திரும்பச் சொல்லும். தணிக்கைக் கணக்கு நேராகும். முனையத்தின் எண்கள் சரசரவென்று ஏறத் தொடங்கின. அவற்றில் பாதி நன்றி.

அதைவிடப் பெரிய சிக்கலை லோகேஸ்வரியே வாயைக் கொடுத்துக் கிளப்பிவிட்டாள். முனையத்தை அணைத்துப் போட்டால் எண்கள் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னாள். நாச்சம்மை நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். ஒரே சம்மேளனத்தில் இரண்டு முதலாம் எண்களா? முனையத்தை எக்காரணம் கொண்டும் அணைக்கக் கூடாது என்று அன்றே அவசரத் தீர்மானம் வந்தது.

வானத்துக்கு அந்தத் தீர்மானம் தெரியாது. ஒரு நாள் சாயங்காலம் இடி மழையில் கட்டடத்துக்கே மின்சாரம் போயிற்று. மடிக்கணினியின் பேட்டரியோ வயதானது. கொஞ்ச நேரம்தான் தாங்கும். எதிர் வரிசையில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் மட்டும் விளக்கு எரிந்தது. சோலையப்பன் பேழையைத் திறந்து, முனையத்தை மாலையோடு ஒரு தாம்பாளத்தில் வைத்துத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டார். நனையாமல் இருக்க, மண்டபத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு வைத்திருந்த ஜரிகைக் குடையைக் காவலர் பிடித்தார். பின்னால் வயரைத் தூக்கிக்கொண்டு லோகேஸ்வரியும், எண்களைக் கண்காணித்தபடி நாச்சம்மையும் நடந்தார்கள். கார்கள் ஹாரன் அடித்தன. பூக்கடைக்காரர்கள் ஏதோ சாமி புறப்பாடு என்று எண்ணிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு உதிரிப்பூவைத் தூவினார்கள். ஒரு பாட்டியம்மா, எந்தக் கோயில் என்று கேட்டார்.

“பைத்தான்,” என்றாள் லோகேஸ்வரி.

“நல்ல சக்தியுள்ள சாமியாச்சே,” என்று அவர் கும்பிட்டுக்கொண்டார்.

கடையில் ரசம் கொதிக்கும் அடுப்புக்குப் பக்கத்தில் வயரைச் செருகினார்கள். எண்கள் பிழைத்தன. அந்தக் களிப்பில் சோலையப்பன் கொஞ்சம் இளகியிருந்தார். லோகேஸ்வரி சமயம் பார்த்துத் தன் கல்யாணப் பேச்சை எடுத்தாள்.

“திரும்பப் போடறதுக்கு வழியே இல்லம்மா,” என்றார் அவர். “ஆனா கருணை அடிப்படையில உன்னக் காத்திருப்போர் வரிசையில சேர்க்கலாம். தலைவர் இப்ப வரிசையில இல்ல, மண்டபத்துக்குள்ள போயிட்டாரு. அதனால நீதான் முதல் ஆளு.”

“அப்ப டத்தோ மணிவிழா ரத்தானாத்தான் எனக்கு வரும்?”

“அப்படியெல்லாம் வாய்விட்டுச் சொல்லாதே. நல்லதையே நினைப்போம்,” என்றார் சோலையப்பன். எந்த நல்லதை என்று அவர் சொல்லவில்லை.

அந்த ஒரு வரியைச் செயற்குழு ஒரு மாலை முழுக்க விவாதித்தது. அவள் பெயருக்கு முன்னால் ‘செல்வி’ சேர்க்க வேண்டும் என்று ஒருவர் திருத்தம் கொண்டுவந்தார். வரியின் தொடக்கத்தில் ‘மாண்புமிகு தலைவர் அவர்களின் ஆசியுடன்’ என்று இருக்க வேண்டும் என்றார் இன்னொருவர். திருத்தத்தோடு எழுதியபோது திரை சிவப்பாகக் கத்தியது. மங்கள நிறம் என்று மகிழ்ந்து, கூட்டத்தை முடித்துவிடப் பார்த்தார்கள். லோகேஸ்வரி கண்ணீரோடு கேட்டுக்கொண்ட பிறகு திருத்தமில்லாமல் எழுத ஒப்புக்கொண்டார்கள். அவள் பெயர் வரிசையில் ஏறியது. கீழே ஒரு நன்றியும் எழுதினாள்.

ஆவணி நெருங்கியது. வீட்டில் பேச்சுக்குப் பேச்சு பூப்பந்து அரங்கம் வந்து போனது. நன்றிகளின் புண்ணியத்தில் முனையத்தின் வரிசை எண் நூறை நெருங்கியது. நூறாவது வரிக்கு விழா எடுக்காவிட்டால் வரலாறு மன்னிக்காது என்று சோலையப்பன் சொல்ல, உடனே நாள் குறித்தார்கள்.

விழா நாள் காலையில், சுபாங் ஜெயாக்காரர் ஒருவர் தன் கடைத் திறப்பு விழாப் பதிவு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருந்தார். செயற்குழு முன்மொழிந்து, வழிமொழிந்து, லோகேஸ்வரி பதிவு.ரத்து() என்று முழுதாகத் தட்டினாள். அந்தத் தேதிக்குக் காத்திருப்போர் யாரும் இல்லாததால் பதில் வரவில்லை, அதனால் ஒரு நன்றியும் சொன்னாள்.

மேடை, மாலை, விளக்கு எல்லாம் முன்பு போலவே. டத்தோ ஒலிவாங்கியைப் பிடித்ததும் ஓர் ஆசையைச் சொன்னார்.

“முதல் நாள் இந்த முனையத்துக்கு என் பெயர் தெரியவில்லை. பலர் வருத்தப்பட்டீர்கள். நான் வருத்தப்படவில்லை, என் குடும்பம்தான் சாப்பிடவில்லை. இன்று என் மணிவிழாப் பதிவை இந்தச் சுவரில் அனைவரும் காண வேண்டும்.”

அங்கேயே முன்மொழிந்தார்கள், வழிமொழிந்தார்கள். லோகேஸ்வரி டத்தோவின் பெயரைத் தேடும் வரியை எழுதினாள். பட்டம் பதவி எல்லாவற்றோடும் ‘டத்தோ பக்கிரிசாமி, மணிவிழா’ என்று சுவர் நிறைய வந்தது. அவர் அதைக் கண் நிறையப் பார்த்தார். பிறகு "வாழ்க சம்மேளனம்" என்ற நூறாவது வரியை அவள் எழுதிவைக்க, டத்தோ என்டர் தட்டினார். சம்மேளனம் வாழ்ந்தது. எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

“டத்தோ, கண்ண மூடிட்டீங்கலா!” கார்த்திகேசு கேமராவைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். “செகாலி லாகி! கண்ணு இங்க, விரல் அங்க!”

டத்தோ சிரித்தார். விரல் தனக்குத் தெரிந்த இடத்துக்குத் தானே போயிற்று. கிளிக், ஒரு தட்டு. கிளிக், ஒரு தட்டு. சுவரில் வரிகள் ஏறின. வாழ்க சம்மேளனம் போயிற்று. டத்தோவின் பெயரைத் தேடிய வரி போயிற்று. நன்றி போயிற்று. பதிவு.ரத்து() வந்து நின்றது.

லோகேஸ்வரி சுவரைப் பார்த்தாள். இப்போது கையில் இருக்கும் பதிவு யாருடையது என்று அந்த மண்டபத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். சும்மா இருந்துவிடலாம் என்று ஒரு மனம் சொன்னது. ஆனால் அவள் நல்ல பெண். தன் கல்யாணம் போன வலியை அறிந்தவள், இன்னொருவர் விழா போவதைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டாமல் வாயைத் திறந்தாள்.

“டத்...”

சோலையப்பன் திரும்பினார். முதல் விழாவின் அலறல் அவருக்கு இன்னும் காதில் இருந்தது. கண்ணை உருட்டி, உதட்டில் விரலை வைத்து, “உஷ்!” என்றார். தீர்மானம் தீர்மானம்தானே. லோகேஸ்வரி வாயை மூடிக்கொண்டாள்.

“டத்தோ, என்டர்!”

‘ரத்தானது: டத்தோ பக்கிரிசாமி, மணிவிழா. மண்டபம் பெறுபவர்: லோகேஸ்வரி–குரு திருமணம்.’

மண்டபத்தில் ஒருவரும் அசையவில்லை. பின் வரிசையில் நாச்சம்மை மட்டும் எழுந்து கைதட்டினார். “இப்பத்தான் கணக்கு நேரா இருக்கு,” என்றார்.

டத்தோ திரும்பிச் சுவரைப் பார்த்தார். ஒரு தடவை படித்தார். உதடு அசைய இன்னொரு தடவை படித்தார். பிறகு சோலையப்பனைப் பார்த்தார். சோலையப்பன் விளக்கைப் பார்த்தார். தெரியாமல் தட்டிவிட்டேன் என்று சொல்லலாம்தான். சொன்னால் முதல் நாள் தட்டியதும் அப்படித்தானா என்று யாராவது கேட்பார்கள். டத்தோ பல தேர்தல்களைப் பார்த்தவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு ஒலிவாங்கிக்கு வந்தார்.

“என் மணிவிழாவை எதற்காக உங்கள் கண் முன்னால் எடுத்துக் காட்டச் சொன்னேன்? ரத்து செய்வதற்காக! ஓர் ஏழை ஊழியரின் திருமணத்துக்காக என் அறுபதை நான் விட்டுக்கொடுக்கிறேன். தெரிந்தேதான் தட்டினேன். நான் எதையும் தெரிந்தே தட்டுபவன்!”

மண்டபம் இடிந்து விழுவது போல் கைதட்டினார்கள். ஏழை என்றதில் லோகேஸ்வரிக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. ஆனால் அவளும்தான் கைதட்டினாள். கை தானாகத் தட்டியது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, குருவுக்குப் போன் போட்டுப் பேச முடியாமல் நின்றாள்.

“என்ன ஆச்சு லோகா? அழறியா? பூப்பந்துக் கோர்ட்டும் போச்சா?”

“இல்லலா... வலைய அவுக்க வேணாம்னு சொல்லிடு.”

ஆவணி ஞாயிறு வந்தது. ஈப்போ வேன் கட்டடத்துக்கு அடியில் சொகுசாக நின்றது. முகப்பில் இருந்த பேழையைச் சிலர் பிள்ளையார் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். தியாகம் செய்தவர் என்ற முறையில் டத்தோவுக்கு முதல் வரிசையில் நடு நாற்காலி போட்டிருந்தார்கள். கையில் அட்சதையோடு அவர் உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தார். தியாகம் தனக்கு இவ்வளவு பொருந்தும் என்று அவருக்கே அதுவரை தெரியாது.

கெட்டிமேளம் முழங்கியது. குரு தாலி கட்டினான். பூவும் அரிசியும் பறந்தன. அந்தப் பூவுக்குள்ளிருந்து கார்த்திகேசு கேமராவோடு தலையை நீட்டினான்.

“பாஸ், பூ வந்து மறைச்சிருச்சுலா. தாலியக் கழட்டி செகாலி லாகி! கண்ணு இங்க, விரல் அங்க...”

குருவின் கை அரைகுறையாக எழுந்தது. லோகேஸ்வரி பாய்ந்து அதைப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம்ணே! போட்டது போட்டதுதான். இதுக்குச் செகாலி லாகி கிடையாது.”

சுற்றியிருந்தவர்கள் என்ன ஏதென்று புரியாமல் பார்த்தார்கள். முதல் வரிசையின் நடுவிலிருந்து டத்தோ பக்கிரிசாமி எழுந்து கையை உயர்த்தினார்.

“வழிமொழிகிறேன்,” என்றார்.